எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கம்ப்யூட்டரை மால்வேரிலிருந்து காப்பது எப்படி?

பெங்களூரில் பழைய ஆபீஸ் லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. ஐடி கம்பெனிகள் கழித்துக்கட்டும் மெஷின்கள் எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து அல்சூர், ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் வீடுகளுக்குப் போய்ச் சேருகின்றன. மெஷின் பெரும்பாலும் நன்றாகவே உழைக்கும். அதில் யாரோ ஏற்றிக் கொடுத்த விண்டோஸை மட்டும் அப்படியே நம்பிவிட முடியாது. மால்வேர், அதாவது கேடு செய்யும் புரோகிராம், அதிலேயே ஒளிந்திருக்கலாம். ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தால் போதும் என்பதும் தப்புக் கணக்கு. எந்தப் பாதுகாப்பும் ஒரு நாள் ஏமாறும். அன்றைக்குத் தாங்கிப்பிடிக்க அதன் பின்னால் இன்னொன்று இருக்க வேண்டும். அதனால் கடைசி அரணிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: பேக்கப்

1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள். போட்டோக்கள், சர்டிபிகேட்டுகள், வாடகை ஒப்பந்தம், சொத்தின் இ-காத்தா பிடிஎஃப் எல்லாவற்றையும் அதில் காப்பி செய்யுங்கள். ஏற்கெனவே சந்தேகத்துக்குரிய மெஷின் என்றால் படங்களும் ஆவணங்களும் மட்டும் போதும். இன்ஸ்டால் செய்யும் ஃபைல் எதையும் எடுக்காதீர்கள்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வந்தால் அந்த நேரத்தில் செருகியிருக்கும் எல்லா டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது. கூகுள் டிரைவை மட்டும் நம்புவதும் ஆபத்து: பூட்டப்பட்ட ஃபைலும் மேலே ஏறிவிடும், பழைய பதிப்பு பொதுவாக 30 நாள்தான் இருக்கும். முடிந்தால் இரண்டாவது டிஸ்க் ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை பத்து ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் இருந்தும் இல்லாததுபோல்தான்.

படி 2: விண்டோஸைப் புதிதாகப் போடுதல்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எனவே 11 ஏறும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்.

நம்பகமான வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் இன்ஸ்டாலரை உருவாக்குங்கள். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போது, டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்தினால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு வரும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவுகள்) பட்டியல் வந்ததும் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். பேக்கப் டிஸ்க் அப்போது செருகியிருக்கவே கூடாது.

புராடக்ட் கீ கேட்டால் பயப்பட வேண்டாம். விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்டட் லேப்டாப்களில் கீ பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். இன்டர்நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். செட்டப் நடக்கும்போது ஏதாவது கம்பெனியின் பெயர் போட்டு லாகின் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் நிர்வாகப் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கடைக்காரர், லைசென்ஸ் இல்லாமலேயே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் “ஆக்டிவேட்டர்” போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். காவல்காரனை அனுப்பிவிட்டு முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடும் வேலை அது. லைசென்ஸ் வாங்கக் காசு இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், இரண்டும் இலவசம். வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

படி 3: இரண்டு அக்கவுன்ட்

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய்ப் புதிய அக்கவுன்ட் ஒன்றை உருவாக்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அதில் ஒருமுறை லாகின் செய்து பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு, அங்கிருந்தபடியே தினசரி அக்கவுன்ட்டை ஸ்டாண்டர்டு யூசர் ஆக்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இனி எதுவாவது சிஸ்டத்துக்குள் கைவைக்க முயன்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யாத நேரத்தில் அப்படிக் கேட்டால் “நோ” அழுத்துங்கள். ஆனால் உங்கள் சொந்த ஃபைல்களை இந்த அரண் காக்காது. அதற்குத்தான் முதல் படியும் ஐந்தாம் படியும்.

படி 4: அப்டேட்

தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12-இல் உலகையே உலுக்கிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்த ஓட்டைக்கு, ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கான மருந்து மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகிவிட்டது. பிரவுசரையும் மூடித் திறந்தால்தான் அதன் அப்டேட் ஏறும். வைஃபை ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

படி 5: டிஃபெண்டர்

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் வீட்டுக்குப் போதும். லேப்டாப்போடு வேறு ஆன்டிவைரஸ் டிரயல் வந்திருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியே நிற்கும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ரியல்-டைம் புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன் இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ரான்சம்வேர் புரொடெக்‌ஷனுக்குள் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ பெரும்பாலும் ஆஃபில் இருக்கும், ஆன் செய்யுங்கள். நம்பகமில்லாத புரோகிராம்கள் உங்கள் ஃபோல்டர்களை மாற்றவிடாமல் அது தடுக்கும். அதன்பின் ஏதாவது நல்ல புரோகிராம் ‘சேவ் ஆகவில்லை’ என்று சொன்னால் மொத்தத்தையும் அணைக்காமல், அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

படி 6: கை வைக்கும் முன்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக் செய்யுங்கள். இல்லையென்றால் ‘கரன்ட் பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்ற புரோகிராம் வெறும் ‘கரன்ட் பில்.பிடிஎஃப்’ என்றே தெரியும்.

“நீங்கள் மனிதர்தானா” என்று கேட்டு, விண்டோஸ் கீயும் ஆர்-உம் அழுத்து, கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று ஒரு பக்கம் சொன்னால் உடனே மூடுங்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையைக் காப்பி செய்து வைத்திருக்கும். அதை உங்கள் கையாலேயே ஓட்டவைக்கும் தந்திரம் இது. உண்மையான கேப்சா ஒருபோதும் இப்படிக் கேட்காது.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் கிளிக் செய்யாதீர்கள். ஃபைல்கள் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. பென்டிரைவை ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டச்சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: மீறி வந்துவிட்டால்

முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். பிறகு உங்கள் போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசரின் குக்கீ திருடுபோயிருந்தால் பாஸ்வேர்டு மாற்றம் மட்டும் போதாமல் போகலாம். அடுத்தது பேங்க். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

கம்ப்யூட்டரில் விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆகிச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். எதையாவது பிடித்து அழித்துவிட்டதாகச் சொன்னாலும், பாஸ்வேர்டு திருடும் வகை என்றால் படி 2-ஐ மறுபடி செய்வதே மேல். பீரோவிலிருக்கும் டிஸ்க்கை, புது விண்டோஸ் ஏறி, அப்டேட்டும் முடிந்த பிறகு மட்டும் செருகுங்கள். முதலில் ஸ்கேன், அப்புறம் காப்பி.