செக் திரும்பினால் வக்கீல் தேடுவதில் நடக்கும் தவறுகள்

திருப்பூரிலிருந்து டெல்லி பார்ட்டிக்குத் துணி போகிறது. வந்த செக்கை வங்கியில் போட்டால் பணமில்லை என்று திரும்புகிறது. போன் செய்தால் "அடுத்த வாரம் கண்டிப்பாகப் போட்டுவிடுகிறேன்" என்கிறார். அப்புறம் இன்னொரு வாரம். உறவு கெட்டுவிடுமே என்று வக்கீலிடம் போகாமலே ஒன்றரை மாதம் ஓடிவிடும்.

இங்கேதான் கை நழுவுகிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாளில் பணம் வரவில்லையென்றால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (செக் போன்றவற்றுக்கான சட்டம்) 138-வது பிரிவில் போடும் செக் வழக்குக்கு இந்தத் தேதிகள்தான் உயிர். நோட்டீஸ் அனுப்பிவிட்டும் சமாதானம் பேசலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

பார்ட்டி டெல்லிக்காரர் என்பதால் டெல்லி வக்கீலைத் தேடுவதும் வீண் அலைச்சல். அக்கவுண்ட் பேயி செக்கை (பெயருள்ளவரின் கணக்கில் மட்டுமே போடக்கூடிய செக்) உங்கள் திருப்பூர் கணக்கில் போட்டிருந்தால், அந்தக் கிளை இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். 2015 சட்டத் திருத்தம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

சரி, உள்ளூரில் யாரைப் பிடிப்பது? மாமாவின் நிலத் தகராறை நடத்தியவர் நல்ல வக்கீலாகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு வியாபார வழக்குப் பழக்கமா என்று பார்க்க வேண்டும். நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த மாதிரி வழக்குகள் அவர் கையில் இருக்கின்றன என்று தெரியும். சந்திக்கும்போது ஒன்று கேளுங்கள்: "உத்யம் பதிவு இருக்கிறது, பில் தொகை நிற்கிறது, என்ன செய்யலாம்?" (உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு.) 2006-ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி சிறு நிறுவனத்துக்கான பணத்தை அதிகபட்சம் 45 நாளில் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இப்படி நிற்கும் பாக்கிகளுக்குப் புகார் கொடுக்கவென்றே உள்ள வசதியாக்கக் கவுன்சில் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்றால் வேறு ஒருவரையும் பார்ப்பது நல்லது.

ஆடிட்டரே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஜிஎஸ்டிக்கு அவர் போதும். ஆனால் பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனம் பதிவாகாமல் இருந்தால், ஒப்பந்தப் பாக்கி கேட்டு வெளியாள் மீது சிவில் வழக்கே போட முடியாது என்பதைச் செக் திரும்பும் முன்பே ஒரு வக்கீலிடம் கேட்டிருக்க வேண்டும்.

"ஜெயித்தால் வசூலில் இத்தனை சதவீதம்" என்று ஃபீஸ் பேசுபவரிடமிருந்து ஒதுங்கிவிடுங்கள், பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. ஃபீஸ் எவ்வளவு, கோர்ட் கட்டணம் தனியா என்பதை எழுதி வாங்குங்கள். வக்கீலை மாற்றும்போது ஃபீஸ் பாக்கியைக் காட்டி அவர் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொன்னது இது. இருந்தாலும் அசல் செக், பில், டெலிவரி சலான் எதைக் கொடுத்தாலும் நகல் எடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.