க்ரீமில் கிருமி எண்ணிக்கை பார்ப்பது எப்படி?

டப்பாவைத் திறக்குமுன் மூடியையும் விளிம்பையும் 70% ஆல்கஹாலால் துடையுங்கள். 1 கிராம் எடுத்து 9 மி.லி. நடுநிலையாக்கும் திரவத்தில் கலக்குங்கள். எண்ணெய்ப் பசை அதிகமென்றால் முதலில் கொஞ்சம் பாலிசார்பேட் 80 (எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் பொருள்) விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் கட்டி கட்டியாக மிதக்கும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். க்ரீமிலுள்ள பதப்பொருள் (கெடாமல் காக்கச் சேர்ப்பது) சோதனைத் தட்டுக்குள்ளும் (பெட்ரி டிஷ்) கிருமியை வளரவிடாது. கெட்டுப்போன சரக்குக்கும் தட்டு பளிச்சென்று இருக்கும். லெசித்தினும் பாலிசார்பேட்டும் சேர்ந்த திரவம் பெரும்பாலான பதப்பொருளை அடக்கும். அடக்கியதா என்று பார்க்க, தெரிந்த அளவு கிருமியை வேண்டுமென்றே சேர்த்து ஒரு தட்டு வையுங்கள். க்ரீம் இல்லாத தட்டில் வளர்வதில் பாதியாவது வர வேண்டும். வராவிட்டால் இன்னும் நீர்க்கச் செய்யுங்கள், அல்லது திரவத்தை மாற்றுங்கள்.

கலவையில் 1 மி.லி.யைத் தட்டில் விட்டு, 48 டிகிரிக்கு மேற்படாத, உருக்கிய அகாரை (கிருமி வளர ஊட்டம் தரும் ஜெல்லி) 15 முதல் 20 மி.லி. ஊற்றிச் சுழற்றுங்கள். சூடு கூடினால் கிருமி அங்கேயே செத்துவிடும். பாக்டீரியாவுக்கு 32.5 டிகிரியில் 3 நாள். பூஞ்சைக்குத் தனி அகார், 25 டிகிரி, 5 நாள் வரை. தட்டில் தோன்றும் கிருமிக் கூட்டங்களை எண்ணி 10 ஆல் பெருக்குங்கள்.

அழகுப் பொருட்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17516 தரும் வரம்பு கிராமுக்கு 1,000. கண்ணோரத்துக்கும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமானது 100. எண்ணிக்கை குறைவென்று அதோடு விட்டுவிடாதீர்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற நோய்க்கிருமி 1 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதற்குக் கலவையைத் தனியே ஊட்டக் குழம்பில் வளர்த்து, பெரும்பாலும் அதை மட்டுமே வளரவிடும் செட்ரிமைடு அகாரில் கீறிப் பாருங்கள்.