கம்பெனியை டாவோவாக மாற்றுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

சமீபத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் தங்கள் நிர்வாக வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். பிரைவேட் லிமிடெட்தான், ஆனால் தாங்கள் செய்யும் ஓப்பன் சோர்ஸ் கருவியை மட்டும் தனியே பிரித்து டாவோவாக (DAO, பரவலாக்கப்பட்ட தானியங்கி அமைப்பு) நடத்த ஆசை. அதாவது முதலாளி, மேனேஜர் என்று யாரும் கிடையாது. டோக்கன் என்ற டிஜிட்டல் பங்கை வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்கள், பணம் பிளாக்செயினில், அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கேட்டில், ஒரு பொதுக் கஜானாவில் இருக்கும், முடிவானதை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற தானாக ஓடும் நிரல் நிறைவேற்றும். நல்ல ஆசைதான். வரைவைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே எல்லாச் செலவுகளும் உறுப்பினர் வாக்கெடுப்புக்கு உட்பட்டவை என்று இருந்தது. சில வருடங்களுக்கு முன் எங்கள் டாவோவுக்கு நாங்கள் எழுதிய வரி, கிட்டத்தட்ட எழுத்து மாறாமல்.

இந்த மாதிரி வரைவுகள் இப்போது அடிக்கடி வருகின்றன, ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்குப் பதில் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். சீட் ஃப்ரேஸை (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களை) வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், ஸ்மார்ட் கான்ட்ராக்டை ஆடிட் செய்யாமல் விடாதீர்கள் என்பதெல்லாம் இதில் வராது. 2016 ஜூனில் முதல் பெரிய டாவோவிலிருந்து 36 லட்சம் ஈதரை, அதாவது கிரிப்டோ நாணயத்தை, ஒருவர் உருவிக்கொண்டு போனதிலிருந்து எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடுவது

இந்த ஒன்றைத்தான் என்னால் இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு டாவோவுக்கு சர்வர் பில் வந்தது. நூற்றுச் சொச்சம் டாலர். கம்பெனியாக இருந்தால் அக்கவுண்ட்ஸில் இருப்பவர் டீ குடித்துக்கொண்டே கட்டியிருப்பார். இங்கே முதலில் ஒரு முன்மொழிவு எழுதி, அதன்மேல் சில நாள் விவாதம். விவாதத்தில் ஒருவர், பரவலாக்கம் பேசும் நாமே ஒரு பெரிய கார்ப்பரேட்டின் சர்வரில் உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டுவிட்டார். கேள்வி நியாயம்தான், ஆனால் பில்லின் கெடு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஸ்னாப்ஷாட் என்ற தளத்தில் வாக்கெடுப்பு. கோரம் (தேவையான குறைந்தபட்ச ஓட்டு) சேரவில்லை, மறுபடியும் வைத்தார்கள். ஒருவழியாகப் பாஸ் ஆனபோது மல்டிசிக் என்ற கூட்டுக் கையெழுத்து வாலட்டில் ஐந்து பேரில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்; ஒருவர் விமானத்தில் இருக்கிறார், ஒருவர் கையெழுத்துப் போடும் கருவியான ஹார்டுவேர் வாலட்டை வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போயிருக்கிறார், இன்னொருவர் இருக்கும் தேசத்தில் நடுராத்திரி. சர்வர்காரர்கள் கணக்கை முடக்கிவிட்டார்கள். அந்தப் பில்லுக்காக எல்லோரும் செலவழித்த நேரத்துக்குக் கூலி போட்டால், ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கட்டியிருக்கலாம்.

பில் கதையைக்கூட மன்னித்துவிடலாம். எங்களிடம் ஒரு நல்ல டிசைனர் இருந்தார். அவர் போட்ட ஒரு பட்டனின் நிறத்தைப் பற்றி, அந்தக் கருவியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள் பக்கம் பக்கமாகக் கருத்து எழுதினார்கள், கடைசியில் அதுவும் ஓட்டுக்குப் போனது. அவர் சத்தமே இல்லாமல் வேறு வேலை தேடிக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் வேலை தெரிந்தவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள், அதை எந்த டாஷ்போர்டும் காட்டுவதில்லை.

கம்பெனி என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்பதற்குப் பொருளாதார நிபுணர் ரொனால்ட் கோஸ் 1937-இலேயே ஒரு காரணம் சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் சந்தையில் ஆள் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் போட ஆகும் செலவு ஜாஸ்தி. அதை மிச்சம் பிடிக்கத்தான் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி 'இன்றைக்கு இதைச் செய்' என்கிறோம். டாவோ இந்தச் செலவில் ஒரு பகுதியை நிஜமாகவே குறைக்கிறது. கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும், லாகோஸில் இருப்பவருக்கும் மதுரையில் இருப்பவருக்கும் வங்கியைக் கேட்காமல் சில நிமிடங்களில் பணம் போகும், இன்டர்வியூ எதுவும் இல்லாமல் பவுன்டி என்ற பரிசுத் தொகை வேலை ஒன்றை எடுத்து முடித்துக் காட்டினால் ஆள் உள்ளே. பிரைவேட் கம்பெனிகளை இது மாற்றும் என்று நான் நம்புவது இந்த வழியில்தான். ஆனால் ஒவ்வொரு முடிவையும் ஓட்டுக்கு விட்டீர்களானால், கம்பெனி மிச்சம் பிடித்த பேரச் செலவு மொத்தமும் திரும்பி வந்துவிடும், அதுவும் இரண்டு பேருக்கு நடுவில் நடந்த பேரம் இப்போது இரண்டாயிரம் பேருக்கு நடுவில் நடக்கும்.

நாங்கள் இழந்தது ஒரு சர்வர் கணக்கும் ஒரு டிசைனரும். கிரிப்டோ கடன் தளமான காம்பவுண்டில் நடந்ததைப் பாருங்கள். 2021 செப்டம்பர் கடைசியில் அவர்களுடைய 62-ஆம் முன்மொழிவு முறைப்படி பாஸாகி அமலுக்கு வந்தது. அதில் ஒரு பிழை: 'பெரியதா' என்று ஒப்பிடும் இடத்தில் 'பெரியதா அல்லது சமமா' என்று இருந்திருக்க வேண்டும். அந்தச் சின்னக் குறியால் கான்ட்ராக்ட் சிலருக்குத் தாறுமாறாகக் காம்ப் என்ற சொந்த டோக்கன்களை வாரி வழங்க ஆரம்பித்தது. ஆபத்தில் இருந்தது சுமார் 2,80,000 காம்ப், அன்றைய விலைக்கு 8 கோடி டாலர். பிழை உடனே தெரிந்துவிட்டது, திருத்தமும் பெரிய வேலை இல்லை. ஆனால் எந்த மாற்றமும் 2 நாள் காத்திருப்பு, 3 நாள் ஓட்டு, 2 நாள் டைம்லாக் (பாஸான பிறகு கட்டாயக் காத்திருப்பு) என்று 7 நாள் கடந்துதான் அமலாக முடியும். அவசரத்துக்குச் சில செயல்பாடுகளை நிறுத்தும் அதிகாரம் பெற்ற ஒரு காவலர் பதவி இருந்தது, ஆனால் காம்ப் வினியோகம் அவர் அதிகாரத்துக்குள் வரவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கப் பணம் போனது. போதாததற்கு நடுவில் யாரோ ஒருவர் ஒரு ஃபங்ஷனை அழைக்க, சேமிப்பிலிருந்து இன்னும் 2,02,472 காம்ப் அதே ஓட்டைக் கான்ட்ராக்டுக்குள் வந்து சேர்ந்தது.

சரி, அப்படியானால் அவசர ஓட்டு வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டம் அதைத்தான் செய்தது: மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் ஒரு நாளிலேயே நிறைவேற்றலாம். 2022 ஏப்ரல் 17 அன்று ஒருவர் சுமார் 100 கோடி டாலரை ஃபிளாஷ் லோனாக எடுத்தார், அதாவது கடன் வாங்குவதும் திருப்பித் தருவதும் ஒரே பரிவர்த்தனைக்குள். அந்தப் பணத்தைப் போட்டு ஓட்டுரிமை பெற்றதால், அந்தச் சில நொடிகளுக்கு அவர்தான் மெஜாரிட்டி. முந்தின நாளே வைத்திருந்த தன் முன்மொழிவைத் தானே பாஸ் செய்து கஜானாவைத் துடைத்துவிட்டார். நஷ்டம் சுமார் 18 கோடி டாலர். கூடவே உக்ரைனுக்கு நன்கொடை தரும் முன்மொழிவு ஒன்றையும் வைத்திருந்தார், என்ன நகைச்சுவையோ.

மெதுவான ஓட்டும் கவிழ்த்தது, வேகமான ஓட்டும் கவிழ்த்தது. ஆகவே பிரேக்கை ஓட்டோடு கட்டாதீர்கள். பெயர் தெரிந்த நான்கைந்து பேரிடம் நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். செலவு செய்யும் அதிகாரம் அவர்களுக்கு வேண்டாம். எதையெல்லாம் நிறுத்தலாம் என்ற பட்டியலில் பணம் வெளியே போகும் ஒவ்வொரு வழியும் இருக்கிறதா என்று ஒருமுறை உட்கார்ந்து சரிபாருங்கள்.

அன்றாடச் செலவுக்கு நான் இப்போது எல்லோருக்கும் காட்டும் உதாரணம் லிடோ என்ற டாவோவின் ஈஸி ட்ராக். குழு ஒரு செலவை அறிவிக்கும். 72 மணி நேரத்துக்குள் மொத்த டோக்கனில் 0.5 சதவீதம் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் அது தானாகவே பாஸ். யாரும் டெலிகேட்டுகளை (மற்றவர்கள் சார்பில் ஓட்டுப் போடுபவர்களை) தேடிப் போய் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. மேக்கர்டாவோ 2021 வாக்கில் வைத்திருந்த முறையிலும் ஒரு விஷயம் பிடித்திருந்தது: ஒவ்வொரு குழுவுக்கும் என்ன வேலை, எவ்வளவு பட்ஜெட், யார் பொறுப்பு என்று மூன்றையும் தனித்தனியாக ஓட்டுக்கு வைத்தார்கள். பிறகு அந்த அமைப்பையே கலைத்துவிட்டு வேறு வடிவத்துக்குப் போனார்கள், அது பெரிய கதை. ஆனால் ஆளை மாற்றப் பட்ஜெட்டைக் கிளற வேண்டாம் என்ற அந்தப் பிரிவினை இன்றைக்கும் உதவும்.

என் கணக்கில் ஓட்டுக்குப் போக வேண்டியவை: பட்ஜெட்டின் உச்சவரம்பு, அதை யார் கையாள்வது, கான்ட்ராக்ட் மாற்றம், புது டோக்கன் அச்சிடுவது. மற்றதெல்லாம் குழுத் தலைவர் செய்துவிட்டு மாதாமாதம் கணக்குக் காட்டட்டும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, முடிவை எடுத்துவிட்டு அப்புறம் ஓட்டுக்கு வைப்பது. 2023-இல் ஆர்பிட்ரம் என்ற பிளாக்செயின் திட்டம் தன் முதல் முன்மொழிவில் 75 கோடி ஏஆர்பி டோக்கனைத் தன் அறக்கட்டளைக்குத் தரலாமா என்று கேட்டது. ஓட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அதில் 5 கோடி ஏற்கெனவே கைமாறியிருந்தது வெளியே தெரிந்தது, இது ஒப்புதல் கேட்பது இல்லை, நடந்ததை உறுதி செய்வதுதான் என்று விளக்கம் வேறு. உறுப்பினர்கள் கொதித்துப்போய் முன்மொழிவைப் பிரித்து மறுபடி எழுத வைத்தார்கள். உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டோக்கன் ஓட்டை ஜனநாயகம் என்று நினைத்துக்கொள்வது

அது பங்குதாரர் கூட்டம். பத்துப் பெரிய டாவோக்களை எடுத்துப் பார்த்த செயினாலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனம், 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம் 90 சதவீத ஓட்டு இருப்பதாக 2022-இல் சொன்னது. மீதிப் பேர் தூங்குகிறார்கள், ஆகையால் விழித்திருக்கும் ஒரு சின்னக் கூட்டம் போதும். 2024 ஜூலையில் அதே காம்பவுண்டில், 2.4 கோடி டாலர் மதிப்புள்ள 4,99,000 காம்ப்பைத் தங்கள் ஏற்பாட்டுக்கு மாற்றச் சொல்லி ஒரு கோஷ்டி கேட்டது. வார இறுதியில் ஓட்டு முடிந்தபோது 6,82,191-க்கு 6,33,636 என்று ஜெயித்தும்விட்டது. பிறகு பேச்சுவார்த்தையில் பின்வாங்கினார்கள். இதை ஹேக் என்று யாரும் சொல்ல முடியவில்லை, விதிப்படி நடந்த ஓட்டு.

கோரத்தை வைக்கும்போது மொத்த டோக்கனைப் பார்த்து வைக்காதீர்கள், சாதாரண வாரத்தில் எத்தனை டோக்கன் ஓட்டுப் போடுகிறது என்று பாருங்கள். அதுதான் உங்களைக் கைப்பற்ற ஆகும் விலை.

கஜானா முழுவதையும் சொந்த டோக்கனில் வைப்பது

சம்பளம் டாலரில், சேமிப்பு ஆசையில்: டோக்கன் விலை சரிந்தால் சம்பளமும் போச்சு. வேண்டாம்.

பதிவு செய்யவில்லை, அதனால் பொறுப்பும் இல்லை என்று இருப்பது

இது அமெரிக்காவில்தான் அடிபட்டுத் தெளிவானது. பி-ஜீரோ-எக்ஸ் என்ற கம்பெனி, கண்காணிப்புக்கு எட்டாமல் இருக்கலாம் என்ற எண்ணத்தில் தன் வணிகத்தை ஊக்கி டாவோவிடம் கைமாற்றியது. 2022 செப்டம்பரில் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமான சிஎஃப்டிசி அந்த டாவோ மீதே வழக்குப் போட்டது. சம்மனை யாரிடம் கொடுப்பது? தளத்தில் இருந்த உதவி சாட் பெட்டியில் போட்டார்கள். யாரும் வரவில்லை, 2023 ஜூனில் 6,43,542 டாலர் அபராதம், தளத்தையும் மூடு என்று உத்தரவு. அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு வழக்கில், ஓட்டுரிமை டோக்கன் வைத்திருப்பவர்களைப் பங்காளிகளாகக் கருத இடமிருக்கிறது என்று கலிஃபோர்னிய நீதிமன்றம் ஒன்று சொல்லியிருந்தது. 2024 நவம்பரில் லிடோ வழக்கிலும் அதே மாதிரி, அந்தத் தடவை பெரிய முதலீட்டு நிறுவனங்களின் பெயர்கள் சிக்கின. சாதாரணக் கூட்டாண்மை என்றால் என்ன என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள்: கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பதில் சொல்லும்.

வயோமிங் மாநிலம் 2021-இல் டாவோவை எல்எல்சியாக (உறுப்பினர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனியாக) பதிய வழி செய்தது, 2024 ஜூலையிலிருந்து லாப நோக்கில்லாத சங்கமாகவும் பதியலாம், ஆனால் குறைந்தது 100 உறுப்பினர் வேண்டும். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே இங்கிருந்து செய்பவர்கள் உங்கள் பிரைவேட் லிமிடெடைக் கலைக்காதீர்கள், அதை டாவோவுக்கு வேலை செய்து தரும் ஒப்பந்தக்காரராக வைத்துக்கொள்ளுங்கள். பில் போடலாம், பிஎஃப் கட்டலாம், ஆபீஸ் வாடகைக்கு ஒரு கையெழுத்து இருக்கும்.

டோக்கன் சம்பளத்துக்கு வரியை மறப்பது

வேலைக்குக் கிடைத்த டோக்கனை, வந்த நாளின் மதிப்பில் வருமானமாகக் காட்ட வேண்டும். பிறகு விற்கும்போது லாபம் வந்தால் அதற்கு 30 சதவீதம் தனி, 2022 ஏப்ரலிலிருந்து. நஷ்டம் வந்தால் எதிலும் கழிக்க முடியாது. அதாவது மார்ச்சில் இரண்டு லட்சத்துக்கு வந்த டோக்கன் ஜூலையில் நாற்பதாயிரம் ஆனாலும் வரி இரண்டு லட்சத்துக்குத்தான். வந்த அன்றே வரிப் பங்கை விற்று எடுத்து வைத்துவிடுங்கள்.

டிஸ்கார்ட் அரட்டையில் பேசுவதை வேலை என்று எண்ணுவது

ஒருவருக்கொருவர் புள்ளி கொடுத்துப் பணம் பிரிக்கும் முறை வைத்தால், அதிகம் பேசுபவருக்கு அதிகம் போகும். ராத்திரி உட்கார்ந்து டெஸ்ட் எழுதுபவருக்கு எதுவும் போகாது. முடிந்த வேலைக்குப் பணம் கொடுங்கள்.

வெளியேறும் கதவையும் மூடும் விதியையும் எழுதாமல் விடுவது

மோலோக் டாவோ 2019-இல் கொண்டுவந்த ரேஜ்க்விட் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு: முடிவு பிடிக்கவில்லையா, உன் பங்கை எடுத்துக்கொண்டு போ. எந்தப் பிரைவேட் கம்பெனியிலும் சிறு பங்குதாரருக்கு இந்தச் சுகம் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் கதவு திறந்திருந்தால் கதவுக்காகவே வருபவர்களும் உண்டு. நவுன்ஸ் டாவோவில் டோக்கனின் சந்தை விலை, கஜானாவில் அதற்குரிய பங்கைவிடக் கீழே போனது. மலிவாக வாங்கிக் காத்திருந்தவர்களும் சேர்ந்து 2023 செப்டம்பரில் பாதிக்கும் மேற்பட்ட டோக்கன்கள் சுமார் 2.7 கோடி டாலரோடு வெளியே போயின. கதவு வைக்கிறீர்கள் என்றால் அதில் ஒரு காத்திருப்புக் காலமும் வையுங்கள்.

மூடுவதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் அச்சுப் பிரதி ஒன்றை ஏலத்தில் எடுக்க 2021 நவம்பரில் ஒரு டாவோ கூடி, 17,437 பேரிடம் சுமார் 4.7 கோடி டாலர் திரட்டியது. சோதபீஸ் ஏலத்தில் தோற்றார்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டும், ஆனால் பாதிப் பேர் போட்டது 200 சொச்சம் டாலருக்குள்தான், அன்றைய ஈத்தரியம் கேஸ் (பிளாக்செயின் பரிவர்த்தனை) கட்டணத்தில் போடுவதற்கு ஒருமுறையும் எடுப்பதற்கு ஒருமுறையும் கட்டினால் சிறு தொகை போட்டவருக்குக் கையில் என்ன மிஞ்சும்? பலர் எடுக்காமலே விட்டார்கள்.

யார் கலைப்பைத் தொடங்கலாம், எவ்வளவு ஓட்டு வேண்டும், பாக்கிச் சம்பளம் முதலிலா டோக்கன்காரர்கள் முதலிலா, திருப்பித் தரும் கேஸ் கட்டணம் யார் தலையில் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். டொமைன் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், அது எப்போதும் யாரோ ஒருவரின் சொந்த கிரெடிட் கார்டில்தான் இருக்கும்.