பீதுருதலாகலையை நனோமீற்றரில் எழுதுவது எப்படி?

நீள அலகுகளை மாற்றும்போது சாதாரண தரப் (O/L) பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: பெருக்குவதா, வகுப்பதா? இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. எந்த அலகாக இருந்தாலும் முதலில் மீற்றருக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வேண்டிய அலகுக்குப் போங்கள்.

இவற்றை மனதில் பதிய வையுங்கள்:

1 கிலோமீற்றர் = 10³ மீற்றர்
1 மில்லிமீற்றர் = 10⁻³ மீற்றர்
1 மைக்ரோமீற்றர் = 10⁻⁶ மீற்றர்
1 நனோமீற்றர் = 10⁻⁹ மீற்றர்
1 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் செல்லும் தூரம்) = ஏறத்தாழ 9.46 × 10¹⁵ மீற்றர்

படி 1. எண்ணை விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் எழுதுங்கள். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையின் உயரம் 2524 மீற்றர். தசமப் புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 2.524 × 10³.

படி 2. போக வேண்டிய அலகின் மீற்றர் பெறுமதியால் வகுங்கள். நனோமீற்றர் வேண்டுமென்றால் 10⁻⁹ ஆல். வகுக்கும்போது சுட்டிகளை (10இன் தலையில் நிற்கும் சிறிய எண்களை) கழிக்க வேண்டும்:

3 − (−9) = 3 + 9 = 12

விடை 2.524 × 10¹² நனோமீற்றர்.

இந்த இரட்டைக் கழித்தல் குறியில்தான் நிறையப் பேருக்குப் பரீட்சைப் புள்ளி போகிறது. அவசரத்தில் 3 − 9 என்று போட்டு −6 என எழுதிவிடுவார்கள். கடைக் கொப்பியில் உள்ள கடனைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது கூடும், இல்லையா? இங்கேயும் அப்படித்தான். சுட்டியை எழுதும் முன் அடைப்புக்குறி போடும் பழக்கத்தை விடாதீர்கள்.

படி 3. சரிபாருங்கள். அலகு சிறிதானால் எண் பெரிதாக வேண்டும், அலகு பெரிதானால் எண் சிறிதாக வேண்டும். இது பொருந்தாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

இனி எதிர்த்திசையில் போவோம். மலையகத்தின் நானுஓயா ரயில் நிலையத்தில் மாலையில் இறங்கினால் ஸ்வெட்டரின் கம்பளி இழைகளில் பொடிப்பொடியாக ஒட்டும் பனிமூட்டத்தைப் பாருங்கள். துளிகள் பல அளவில் இருக்கும். விட்டம் 20 மைக்ரோமீற்றர் உள்ள ஒரு துளியை எடுப்போம். மீற்றரில் அது 20 × 10⁻⁶, அதாவது 2 × 10⁻⁵. கிலோமீற்றரில் வேண்டுமென்றால் 10³ ஆல் வகுக்க 2 × 10⁻⁸.

இரண்டும் மீற்றரில் இருப்பதால் இன்னொன்றும் செய்யலாம். பீதுருதலாகலையின் உயரத்துக்கு அத்தகைய துளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க எத்தனை வேண்டும்? 2.524 × 10³ ஐ 2 × 10⁻⁵ ஆல் வகுத்தால் 1.262 × 10⁸. அதாவது 12 கோடியே 62 இலட்சம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஒளியாண்டுக்கும் இதே முறைதான். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் புரொக்சிமா சென்டோரி, 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 4.24 × 9.46 = 40.1, ஆகவே 40.1 × 10¹⁵ மீற்றர். ஆனால் முன்னால் நிற்கும் எண் 1க்குக் குறையாமலும் 10க்குக் கீழேயும் இருக்க வேண்டும். அதனால் புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்தி, சுட்டியில் ஒன்றைக் கூட்டுங்கள்: 4.01 × 10¹⁶ மீற்றர்.

தோட்டப்புறங்களில் உயரத்தை இன்னும் அடியில்தான் சொல்கிறோம். 4000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. 1 அடி சரியாக 0.3048 மீற்றர் என்பதால் அது 1219.2 மீற்றர். அப்புறம் மேலே சொன்ன படிகள்தான்.

நீங்களே செய்து பார்க்க ஒன்று: சிவனொளிபாதமலை 7359 அடி. மைக்ரோமீற்றரில் எவ்வளவு? 2.243 × 10⁹ வந்தால் சரி.