நாக்கை நம்பினால் கணக்கு தப்பும்: மறைந்திருக்கும் சர்க்கரையில் நாம் செய்யும் தவறுகள்

டீயில் அரை ஸ்பூன் சர்க்கரைதான், இனிப்புப் பண்டங்கள் பக்கமே போவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஒருநாள் மாவு அளக்க எடுத்த எடைக் கருவி மேசை மேலேயே இருந்தது. சும்மா இருக்காமல், காலையில் சாப்பிடும் கிரனோலாவை (ஓட்ஸோடு இனிப்பு சேர்த்து மொறுமொறுப்பாக வறுத்தது) வழக்கமான கிண்ணத்தில், வழக்கம்போலக் கைபோன போக்கில் கொட்டி நிறுத்துப் பார்த்தேன். கிண்ணத்தின் எடையைக் கழித்து 85 கிராம். பாக்கெட்டைத் திருப்பினால், 'ஒரு பரிமாறல் 30 கிராம், அதில் சர்க்கரை 7 கிராம்' என்று இருக்கிறது. இத்தனை நாளும் அந்த 7 என்ற எண்ணைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். உள்ளே போனதோ கிட்டத்தட்ட 20 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன்.

பாக்கெட் பொய் சொல்லவில்லை, நான்தான் அரைகுறையாகப் படித்திருக்கிறேன். பரிமாறல் அளவு என்பது தயாரிப்பாளர் அச்சிட்டுத் தருவது. நம் வீட்டுக் கிண்ணம் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. அதனால் '100 கிராமில் எவ்வளவு' என்ற பத்தி இருந்தால் அதைப் பாருங்கள். அதை வைத்துத்தான் இரண்டு பொருள்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியும். பிரிட்டனில் பாக்கெட்டுகளின் முகப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போடும் முறைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: 100 கிராமில் 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அதிகம், 5 கிராம் வரை இருந்தால் குறைவு. பானங்களுக்கு இந்த எல்லைகள் பாதி. எந்த ஊர்க் கடையில் நின்றாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். கிராம் கணக்கு மண்டையில் ஏறவில்லையா? நான்கால் வகுத்து விடுங்கள், டீஸ்பூன் கணக்கு வந்துவிடும்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு வரை போகலாம்? உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்த்த சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையும் நாம் பெறும் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். என் கிரனோலா கிண்ணம் விடிந்ததும் விடியாததுமாக 20 கிராமைத் தாண்டப் பார்த்த கதை இப்போது புரிந்திருக்கும்.

இனிக்கவில்லை, அதனால் சர்க்கரை இல்லை

இந்தத் தவறுதான் எல்லாவற்றுக்கும் தாய். நாக்கு நல்ல ருசிகன், ஆனால் மோசமான கணக்குப்பிள்ளை. புளிப்பும் குளிர்ச்சியும் இனிப்பை அமுக்கிவிடும். சந்தேகமிருந்தால் ஒரு கோலாவைத் திறந்து, வாயு முழுக்க அடங்கி அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பாகு மாதிரித் திகட்டும். குளிர்ந்து நுரைத்தபோது இருந்த அதே சர்க்கரைதான் அது. சாதாரண கோலாவின் 330 மில்லி டின்னில் சுமார் 35 கிராம், ஏறக்குறைய ஒன்பது டீஸ்பூன். டீயில் ஒன்பது ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் யாராவது குடிப்பார்களா?

தக்காளி கெச்சப்பும் அப்படித்தான். வினிகரின் புளிப்புக்கும் உப்புக்கும் பின்னால், பல வகைகளில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை ஒளிந்திருக்கிறது. பாஸ்தா சாஸ், சாலட் டிரெஸ்ஸிங், பாக்கெட் ரொட்டி, டின்னில் வரும் பீன்ஸ், இருமல் சிரப் என்று இந்தப் பட்டியல் நீளும். எல்லாம் நம்மை ஏமாற்றுவதற்காகச் சேர்ப்பது என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், ரொட்டியைச் சிவக்க வைக்கும், தக்காளியின் புளிப்பைத் தணிக்கும். காரணம் எதுவானாலும் கணக்கில் ஏறுவது ஏறத்தான் செய்யும்.

அடுத்தது, சேர்மானப் பட்டியலில் 'சர்க்கரை' என்ற ஒரு சொல்லை மட்டும் தேடுவது. அதற்குப் புனைபெயர்கள் ஏராளம்: சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் சிரப், கார்ன் சிரப், இன்வர்ட் சிரப், மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும் பாகு), ஃப்ரூட் ஜூஸ் கான்சன்ட்ரேட். 'ஓஸ்' என்று முடிந்தால் சந்தேகப்படலாம், 'சிரப்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி எழுதுவது வழக்கம். இதில்தான் ஒரு சூட்சுமம். ஒரே சர்க்கரையைப் போட்டால் அது பட்டியலின் உச்சியில் வந்து பல்லிளிக்கும். மூன்று வகையாகப் பிரித்துப் போட்டால் மூன்றும் தனித்தனியே கீழே இறங்கி, ஓட்ஸ் முதலிடத்துக்கு வந்துவிடும். என் கிரனோலாவில் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், தேன் மூன்றும் வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்திருந்தன.

முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பதை நம்புவது வேலிக்கு ஓணானைச் சாட்சிக்குக் கூப்பிடுவது போல. 'கொழுப்புக் குறைவு' என்றால் கொழுப்பு குறைவு, அவ்வளவுதான். போன ருசியை ஈடுகட்டப் பலவற்றில் சர்க்கரை வந்து உட்காரும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பதும் முழு விடுதலைப் பத்திரம் இல்லை, பழச்சாற்றின் இயல்பான சர்க்கரை உள்ளே இருக்கலாம். பழச்சுவை சேர்த்த தயிரில் ஒரு எளிய கழித்தல் கணக்கு உதவும். எதுவும் சேர்க்காத தயிரிலேயே பாலில் இயல்பாகவே இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை காரணமாக 100 கிராமுக்கு 4, 5 கிராம் சர்க்கரை காட்டும். பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ராபெர்ரித் தயிர் 13 என்று காட்டினால், வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் பின்னால் வந்து சேர்ந்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று தனி வரியே இருப்பதால் இந்தச் சிரமம் இல்லை.

தேனுக்கும் பழுப்புச் சர்க்கரைக்கும் மாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. பழுப்புச் சர்க்கரை என்பது கொஞ்சம் மொலாசஸ் ஒட்டிய சர்க்கரை. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். ருசிக்காகச் சாப்பிடுங்கள், தாராளமாக. மருந்து என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பழச்சாறு கொஞ்சம் சிக்கலான விஷயம். முழு ஆரஞ்சைச் சாப்பிட்டால் அதன் சர்க்கரை நார்ச்சத்தோடு, செல்களுக்குள் அடைபட்டு, மெதுவாகத்தான் உள்ளே போகும். பிழிந்துவிட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. வீட்டில் பிழிந்தாலும் 250 மில்லி சாற்றில் 20 கிராம் அளவுக்கு இருக்கும். மூன்று பழங்களை உரித்துத் தின்ன பத்து நிமிடம் ஆகும், குடிக்க பத்து விநாடி போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சாறும் தேனும் குறைக்க வேண்டிய பக்கத்தில் வருகின்றன, முழுப் பழமும் பாலும் வருவதில்லை. இதைப் பாதி கேட்டுவிட்டுப் பழத்தையே நிறுத்துகிறவர்கள் உண்டு. அது தேவையில்லாத தண்டனை.

குறைக்கும்போது வரும் தவறுகள்

கெச்சப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, தினம் ஒரு டின் குளிர்பானத்தை விடாமல் இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒரு மேசைக்கரண்டி கெச்சப்பில் ஒரு டீஸ்பூன், டின்னில் ஒன்பது. முதலில் கை வைக்க வேண்டியது குடிக்கிறவற்றில்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமை முதல் ஒரேயடியாக நிறுத்துவது வெள்ளிக்கிழமைவரை தாக்குப்பிடித்தால் ஆச்சரியம். செயற்கை இனிப்பூட்டிக்கு மாறினால் கிராம் கணக்கு குறையும், நாக்கு மட்டும் அதே தித்திப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்கு இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்திருக்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அப்புறம், இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் உணவைத் திடீரென்று மாற்றினால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

எனக்குக் கைகொடுத்தது கலப்படம்தான். கிண்ணத்தில் முக்கால் பங்கு வெறும் ஓட்ஸ், மேலே ஒரு கைப்பிடி கிரனோலா. தயிரில் பாதி வெறும் தயிர், பாதி ஸ்ட்ராபெர்ரி. முதல் வாரம் சப்பென்றுதான் இருந்தது, சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மாதம் கழித்து, கலக்க வெறும் தயிர் இல்லாத ஒரு காலையில் ஸ்ட்ராபெர்ரித் தயிரை மட்டும் திறந்து சாப்பிட்டேன். பாதி கப்பைத் தாண்ட முடியவில்லை.