முட்டியில் கட்டி: கத்தி வைப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

முட்டிக்குப் பின்னால் வீக்கம் என்றாலே ‘பேக்கர் சிஸ்ட், வெறும் நீர்க்கட்டி’ என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் பேக்கர் சிஸ்டுக்கு ஒரு முகவரி உண்டு: பின்புறம், உள்பக்கமாக, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே, மூட்டோடு குறுகிய கழுத்தால் ஒட்டியிருக்கும். அல்ட்ராசவுண்டில் அந்தக் கழுத்து தெரியவில்லை, கட்டிக்குள் ரத்த ஓட்டம் தெரிகிறது என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விடக் கூடாது.

‘அஞ்சு வருஷமா இருக்கு, மெதுவாத்தான் வளருது’ என்ற ஆறுதலும் ஆபத்தானது. சைனோவியல் சர்கோமா என்ற புற்றுநோய் இளவயதினரிடம் அப்படித்தான் நிதானமாக வளரும். இந்தப் புற்றுக்கட்டியால் எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் பொட்டுகள் தெரிந்தால்கூட ‘பழைய அடி’ என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. (‘சைனோவியல்’ என்றால் மூட்டுச் சவ்வு சார்ந்தது. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூட்டுச் சவ்வுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை.)

அடிபடாமலே முட்டி திரும்பத் திரும்ப வீங்குகிறது, ஊசியில் உறிஞ்சினால் பழுப்பாகவோ ரத்தமாகவோ நீர் வருகிறது என்றால், வாதம் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே போகக் கூடாது. முன்பு பி.வி.என்.எஸ். என்று அழைக்கப்பட்ட, சவ்வில் வளரும் ராட்சத செல் கட்டியாக இருக்கலாம். அதில் படியும் இரும்புச்சத்து, எம்.ஆர்.ஐ.யில் ‘கிரேடியன்ட் எக்கோ’ என்ற வகைப் படத்தில் கன்னங்கரேலென்று தெரியும். சவ்வு முழுக்கப் பரவியிருந்தால் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவைப்பது, கட்டி மறுபடி வரக் காரணமாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ‘சின்னக் கட்டிதானே, எடுத்துடலாம்’ என்பது. 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, தசை உறைக்கு அடியில் இருந்தாலோ பயாப்சிக்கு (ஊசியால் கட்டியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பதற்கு) முன் கை வைக்கக் கூடாது. பயாப்சி ஊசி போன பாதையெல்லாம் புற்றுசெல் சிந்தியிருக்கலாம். கடைசி ஆபரேஷனில் அந்தப் பாதையையும் சேர்த்தே வெட்டியெடுக்க வேண்டிவரும். அதனால் ஊசி எங்கே நுழைவது என்பதை அந்த ஆபரேஷனைச் செய்யப்போகிறவரே முடிவு செய்ய வேண்டும். முட்டியில் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டால், பிறகு எடுக்க வேண்டிய சதை அதிகமாகும். மூட்டுக்கு வெளியே இருக்கும் கட்டியை மூட்டு வழியாகத் துளைத்தால் மூட்டையே பணயம் வைத்த மாதிரி.

பயாப்சி செய்யாமல் கட்டியை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், எடுத்த கட்டியைச் சோதித்த ஸ்லைடுகள், அதன் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகள், ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு சர்கோமா (தசை, எலும்பு போன்றவற்றில் வரும் புற்றுநோய்) பார்க்கும் மையத்துக்குப் போங்கள்.