தினசரி வேலைக்கு ஒரு மடக்காத கத்தி: பார்த்து வாங்குவது எப்படி?

கயிறு அறுக்க, சாக்கு பிரிக்க, அட்டைப்பெட்டி திறக்க, குச்சி சீவ என்று நாள் முழுக்கப் புழங்கும் கத்தி மடக்காத கத்தியாக இருப்பதே நல்லது. கீல் கிடையாது, அதில் மண் புகுந்து இறுகும் தொல்லையும் கிடையாது. புதிதாக வாங்குகிறவர்கள் எஃகின் பெயரைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் எஃகுக்கு முன்னால் பிடியைப் பாருங்கள். பல கத்திகள் உடைவதும் ஆட்டம் காண்பதும் அங்கேதான்.

படி 1: அளவு

அலகு 8 முதல் 10 செ.மீ. நீளம், 2.5 முதல் 3 மி.மீ. கனம் போதும். 5 மி.மீ. கத்தி கடையில் கம்பீரமாக இருக்கும், அட்டையை அறுக்கச் சொன்னால் பாதியில் சிக்கி நிற்கும். ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் செய்யும் மோராக்னிவ் கம்பேனியன் என்ற கத்தியை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்: அலகு 10.4 செ.மீ., கனம் 2.5 மி.மீ.

படி 2: பிடி

அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது? பிடியின் விளிம்பைச் சுற்றிலும் இரும்பு தெரிந்தால் கடைசிவரை போகிறது என்று அர்த்தம். முரட்டு வேலைக்கு இதுதான் சரி. கம்பேனியனில் இரும்பு முழுதாகப் போவதில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் அதன்மேலேயே இறுக வார்க்கப்பட்டிருப்பதால் அறுக்கிற வேலைக்குத் தாங்கும். முதுகில் சுத்தியலால் தட்டி விறகு பிளக்க மட்டும் வேண்டாம்.

மரப்பிடி என்றால் பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கத்தியை உறையில் போட்டபடியே பிடியை நெளித்துப் பார்த்து, துளி ஆட்டம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்புறம் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். விரல் முன்னால் வழுக்கி வாய்ப்பக்கம் போகாமல் தடுக்க ஒரு மேடு இருக்க வேண்டும். அது இல்லாத கத்தியைப் புதியவர்கள் வாங்கவே கூடாது.

படி 3: எஃகு

கடலோரத்தில் இருப்பவர்கள், கை அதிகம் வியர்ப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். 12சி27 என்ற ஸ்வீடிஷ் எஃகில் சுமார் 13.5 சதவீதம் குரோமியம் உண்டு, துரு எளிதில் அண்டாது. 1095 போன்ற கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், ஆனால் எலுமிச்சை, புளி பட்டால் கறுக்கும். அந்தச் சாம்பல் கறை கெடுதல் இல்லை. செந்துருவை மட்டும் விடாதீர்கள்.

கொல்லுப்பட்டறையில் வாங்கினால் எதில் அடித்தது என்று கேளுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல இரும்பு. சாதாரணக் கம்பியில் கார்பன் குறைவு, எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. பிடியை ஒட்டிய வாய்ப்பகுதியில் மெல்லிய அரத்தை லேசாகத் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே அரம் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. கடித்துத் தூள் கொட்டினால் கூர் நிற்காது.

படி 4: உறை

தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. தோல் உறை ஈரத்தை வைத்துக்கொள்ளும், கார்பன் கத்தியை அதிலேயே நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

படி 5: சட்டம்

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. நம் கத்தி அந்த அளவுக்கு ரொம்பக் கீழே. இருந்தாலும் இடுப்பில் தெரியும்படி தொங்கவிடாமல், வேலைச் சாமான்களோடு பையில் வையுங்கள். மெட்ரோ, நீதிமன்றம் போகும்போது வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது.

படி 6: தீட்டுதல்

மோரா வகைக் கத்தியில் வாயை ஒட்டி அகலமான சரிவு இருக்கும். அதைத் தீட்டுக்கல்லில் அப்படியே படிய வைத்துத் தள்ளினால் கோணம் தானாக அமைந்துவிடும், பழகுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. இரண்டு பக்கமும் சம அளவு தீட்டி, துடைத்து, கார்பன் கத்தியானால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். பழமும் நறுக்குவீர்கள் என்றால் தேங்காய் எண்ணெய்.